18 வயசு ஆகட்டும்னு காத்திருந்து கொடுக்குற கார்டு



போன வாரம் நம்ம பக்கத்துல கடன் செயலிகளைப் பத்தி ஒரு பதிவு போட்டோம். அதுக்கு வந்த கமெண்ட்கள்ல பாதி நம்ம ஆளுங்க போட்டதுதான். "ஐபோன் வேணும், பைக் வேணும், அப்புறம் அழ வேண்டியது." "வளர்ப்பு சரியில்ல." "உழைக்காம திங்கணும்னா இப்படித்தான்." கூடவே வரிசையா சிரிப்பு எமோஜி.

அட்மின்ங்கிற முறையில அழிச்சிருக்கலாம். அழிக்கல. எதிர்க்கட்சிக்காரன் எழுதியிருந்தா கடந்து போயிருப்பேன். எழுதினது நம்ம தோழர்கள். அதனால பதில் சொல்றேன். கொஞ்சம் நீளம், டீ சொல்லிட்டு உட்காருங்க.

கேள்வி இதுதான்: டீனேஜ் பசங்க கையில கிரெடிட் கார்டு இருக்கலாமா? இருக்கக்கூடாதுன்னு நான் சொல்றேன். ஆனா அதுக்குப் பசங்களைத் திட்டுற கூட்டத்துல நான் இல்ல. கேள்வியை வாங்கினவன்கிட்ட கேட்காதீங்க, கொடுத்தவன்கிட்ட கேளுங்க.

முதல்ல சட்டம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், 11ஆவது பிரிவு. 18 வயது நிறையாதவருக்கு ஒப்பந்தம் போடும் தகுதி கிடையாது. கடனும் ஒரு ஒப்பந்தம்தான். இதுக்குப் பின்னாடி ஒரு வழக்கு இருக்கு. சட்டக் கல்லூரி முதல் வருஷப் பிள்ளையைக் கேட்டாலும் மொகரி பீபி வழக்குன்னு சொல்லும்.

1895, கல்கத்தா. தர்மோதாஸ் கோஷ்னு ஒரு பையன், மைனர். பிரம்மோ தத் என்கிற வட்டிக்காரருக்குச் சொத்தை அடமானம் வெச்சு 20,000 ரூபாய்க்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தான். எழுதுறதுக்கு முன்னாடியே பையனோட அம்மா வக்கீல் மூலமா வட்டிக்காரரோட ஏஜென்ட்டுக்குக் கடிதம் அனுப்பிட்டாங்க. என் மகன் மைனர், அவனுக்குக் கடன் கொடுத்தா விளைவு உங்க தலையிலதான்னு. ஏஜென்ட் படிச்சார், மடிச்சு வெச்சார், பத்திரத்தை எழுதி வாங்கிக்கிட்டார். வழக்கு லண்டன்ல இருந்த பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. 1903ல தீர்ப்பு வந்தது. மைனர் போட்ட ஒப்பந்தம் அடியோட செல்லாது. அடமானமும் செல்லாது. கொடுத்த பணத்தைத் திருப்பி வாங்கிக் கொடுன்னு கேட்டதும் எடுபடல.

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துத் தீர்ப்பு. அவனைப் புகழ எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கவனிங்க. அந்தப் பையன் ஊதாரியா, உழைப்பாளியா, அவனை எப்படி வளர்த்தாங்கன்னு பார்த்து அந்தத் தீர்ப்பு வரல. வயசைத் தெரிஞ்சுக்கிட்டே கொடுத்தவனுக்குத்தான் நஷ்டம்னு முடிஞ்சது.

இன்னைக்கும் 17 வயசு வரைக்கும் இந்தப் பாதுகாப்பு இருக்கு. 2025 ஏப்ரல்ல ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு. 10 வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தனியா சேமிப்புக் கணக்கு தொடங்கி, தானே நடத்தலாம், வங்கி விரும்பினா ஏடிஎம் கார்டுகூடக் கொடுக்கலாம்னு. நல்ல விஷயம், நான் வரவேற்கிறேன். அதே அறிக்கையில ஒரு நிபந்தனையும் இருக்கு. மைனரோட கணக்குல இருப்புக்கு மேல ஒரு ரூபாய்கூடப் போகக்கூடாது. அதாவது உன் காசை நீ செலவு பண்ணலாம், கடன் மட்டும் கூடாது. இதைவிடத் தெளிவா யாரும் சொல்ல முடியாது.

சரி, 18ஆவது பிறந்தநாள் வருது. ராத்திரி பன்னெண்டு மணி. கேக் வெட்டுறாங்க. அந்த நிமிஷத்துல இருந்து அந்தப் பையன் சட்டத்தோட கண்ணுக்கு அம்பானிக்குச் சமம். நேத்து ராத்திரி வரைக்கும் ஒரு ரூபாய் மைனஸ்ல போகக்கூடாதுன்னு காப்பாத்தின சட்டம், இன்னைக்கு வருஷத்துக்கு 42 சதவீத வட்டிக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி ஒதுங்கி நிக்குது. நடுவுல ஒரு படி கிடையாது. 18, 19 ரெண்டு வருஷமும் டீனேஜ்தான். வருமானம் இல்லாத, வீட்டை விட்டு முதல் தடவையா ஹாஸ்டலுக்கு வந்த ரெண்டு வருஷம். கார்டு விக்கிறவன் இந்த ரெண்டு வருஷத்துக்காகத்தான் கேட்டுக்கு வெளியில காத்திருக்கான்.

இதை நான் புத்தகத்துல படிச்சு எழுதல.

இன்ஜினியரிங் மூணாவது வருஷம், எனக்கு வயசு 19. கேன்டீன் பக்கத்துல ஒரு குடை, ஒரு டேபிள், டை கட்டின ரெண்டு அண்ணன்கள். ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டா ஒரு ஹெட்போன் ஃப்ரீ. எந்த வங்கி, எந்தக் கல்லூரின்னு இங்க எழுதல, அது இந்தப் பதிவுக்குத் தேவையும் இல்ல. ஃபார்ம்ல மாத வருமானம்னு ஒரு கட்டம். நான் அதைக் காலியா விட்டேன். அந்த அண்ணன் சிரிச்சுக்கிட்டே, "பார்ட் டைம் டியூஷன்னு போட்டுக்கலாம் தம்பி"ன்னு அவரே எழுதினார். நான் டியூஷன் எடுத்ததே இல்ல. அவரையும் குறை சொல்லல, அவருக்கும் மாசத்துக்கு இத்தனை கார்டுன்னு டார்கெட் இருந்திருக்கும். அவரும் நம்மள மாதிரி டிகிரி முடிச்சிட்டு வேற வேலை கிடைக்காம வெயில்ல உட்கார்ந்தவர்தான்.

லிமிட் 20,000. கல்கத்தா பையன் பத்திரம் எழுதிக் கொடுத்த அதே தொகை.

செலவு பண்ணது நான்தான், மறைக்கல. ஒரு ஷூ. ரெண்டு பிறந்தநாள் ட்ரீட். அப்புறம் ப்ராஜெக்ட் நேரத்துல லேப்டாப் மதர்போர்டு போச்சு, அது ஒரு பெரிய செலவு. நாலு மாசத்துல லிமிட் முடிஞ்சது. பில் வந்தது. மொத்தம் கட்ட வேண்டியது 20,000, குறைந்தபட்சம் கட்ட வேண்டியது 1,000. நான் என்ன நினைச்சேன்? மாசம் ஆயிரம், இருபது மாசம், தீர்ந்தது கதை. இன்ஜினியரிங் கணக்கு நாலு பேப்பர் பாஸ் பண்ணவன் போட்ட கணக்கு இது.

இப்போ சரியான கணக்கைப் போடுறேன், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க. மாச வட்டி மூணரை சதவீதம்னு வெச்சுக்குவோம், பல கார்டுகள்ல இதுக்குக் கொஞ்சம் முன்ன பின்னதான் இருக்கு. 20,000க்கு வட்டி 700 ரூபாய். அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி, 126 ரூபாய். ஆக 826. நீங்க கட்டுற ஆயிரத்துல 826 வட்டிக்கும் வரிக்கும் போயிடும். அசல்ல குறையுறது 174 ரூபாய். இப்படியே ஒரு வருஷம் பாக்கியில 5 சதவீதம் குறைந்தபட்சத் தொகையை ஒழுங்கா, ஒரு நாள் தவறாம, புதுசா ஒரு டீகூடக் கார்டுல குடிக்காமக் கட்டினா, வருஷக் கடைசியில நீங்க கட்டியிருக்குறது சுமார் 11,440 ரூபாய். குறைஞ்ச கடன் சுமார் 1,990 ரூபாய். மிச்சம் 18,000 அப்படியே உட்கார்ந்திருக்கும். ஒரு மாசம் தவறினா தாமதக் கட்டணம் தனி. பாக்கி இருக்கும்போது புதுசா ஏதாவது வாங்கினா, வட்டியில்லா நாட்கள்னு விளம்பரத்துல சொல்றாங்களே, அது கிடையாது. வாங்கின நாள்ல இருந்தே வட்டி ஓடும். இந்தக் கடைசி விஷயம் எனக்கு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும்.

காடாம்புலியூர் ஆளுங்களுக்கு இதை வேற மாதிரி சொல்றேன். நம்ம ஊர்ல நூத்துக்கு மாசம் மூணு ரூபாய்னா மூணு வட்டி. 20,000க்கு 600. மூணு வட்டிக்கு விடுறவரைப் பத்தி டீக்கடையில என்ன பேசுவோம்னு உங்களுக்கே தெரியும். கார்டு வட்டி மூணரை, வரியோட சேர்த்தா நாலு வட்டிக்கும் மேல. மூணு வட்டிக்காரர் வந்தா வாசல்லயே நிப்பாட்டுவோம். நாலு வட்டிக்காரன் ஏசி போட்ட ஆபீஸ்ல இருந்து எஸ்எம்எஸ் அனுப்பினா, வாழ்த்துகள்னு ஆரம்பிக்கிறானே என்று ஓகே அழுத்துவோம்.

என் அம்மா முந்திரி உடைக்கிறவங்க. ஓட்டுல இருக்குற எண்ணெய் பட்டு விரல் நுனி கருத்துப் போயிருக்கும், கைரேகை மெஷின்ல ரேஷன் கடையில ரெண்டு மூணு தடவை வெச்சாத்தான் விழும். கூலி கிலோ கணக்குதான். 2011 டிசம்பர் 30 தானே புயல்ல இந்தப் பக்கத்து முந்திரித் தோப்பும் பலாத் தோப்பும் வேரோட சாய்ஞ்சப்போ வாங்கின கடனை அடைக்க எத்தனை வருஷம் ஆச்சுன்னு நம்ம ஊர்ல எந்த வீட்டுலயும் கேளுங்க. அப்படிப்பட்ட வருஷங்கள்லயும் அம்மா மகளிர் குழுத் தவணையை ஒரு வாரம் தவறவிட்டதில்ல. அவங்க பள்ளிக்கூடம் போனது அஞ்சாவது வரைக்கும்.

ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல வீட்டு நம்பருக்கு வசூல்காரன் போன் பண்ணிட்டான். ஃபார்ம்ல அப்பா நம்பரைக் கொடுத்திருந்தேன். அப்பா என்.எல்.சி.யில கான்ட்ராக்ட் வேலை, நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிட்டிருந்தார். போனை அம்மா எடுத்தாங்க. மறுநாள் நான் வீட்டுக்குப் போனதும் திட்டுவாங்கன்னு தலையைக் குனிஞ்சு உட்கார்ந்தேன். ஒரே கேள்விதான் கேட்டாங்க. "என்ன வட்டி?" சொன்னேன். "மூணரை வட்டிக்கா? அதுவும் படிக்கிற பையனுக்கா? உனக்குக் கூலி இல்லன்னு தெரிஞ்சா கொடுத்தான்?"

நான் இவ்வளவு எழுதியும் இந்த மூணு கேள்விக்கு மேல எனக்கு எதுவும் சொல்லத் தெரியல. அவங்க தோட்டை அடகு வெச்சுத்தான் கார்டை முடிச்சோம். தோடு திரும்பி வந்தது, நான் வேலைக்குப் போன பிறகு.

எனக்கு ஒரு தோடு இருந்தது. இல்லாத பையன் என்ன பண்ணுவான்? கார்டு பாக்கியைக் கட்ட செயலியில ஐயாயிரம் எடுப்பான். அந்தச் செயலியைக் கட்ட இன்னொரு செயலி. 2021ல ரிசர்வ் வங்கியோட பணிக்குழு பார்த்தப்போ, ரெண்டே மாசத்துல சுமார் 1,100 கடன் செயலிகள் கண்ணுல பட்டுச்சு. அதுல சுமார் 600 சட்டவிரோதமானவை. போன்ல இருக்குற நம்பர் எல்லாத்துக்கும் அவன் அனுப்புற மார்ஃபிங் படங்களால என்னென்ன நடந்துச்சுன்னு நம்ம போன பதிவுல எழுதிட்டோம். அந்தப் பதிவுக்குத்தான் நீங்க சிரிப்பு எமோஜி போட்டீங்க.

இப்போ எதிர்த்தரப்பு வாதம். "சின்ன வயசுலயே கார்டு வாங்கினாத்தான் சிபில் ஸ்கோர் ஏறும், நாளைக்கு வீட்டுக் கடன் கிடைக்கும்." ரீல்ஸ்ல கோட்டு போட்ட ஒரு அண்ணன் தினமும் இதைச் சொல்றார். பொய் இல்ல, முழு பில்லையும் மாசா மாசம் கட்டுறவனுக்கு ஸ்கோர் ஏறும். எதை வெச்சுக் கட்டுவான்னுதான் கேட்குறேன். வருமானம் இல்லாதவன் கட்டினா அது அப்பன் காசு. அப்பன்கிட்ட காசு இருக்குற பையனுக்கு ஸ்கோர் ஏறும், இல்லாத பையனுக்கு இறங்கும். 19 வயசுல இறங்கின ஸ்கோர் 23 வயசுல தொழில் கடன் கேட்டுப் போகும்போது முன்னாடி வந்து நிக்கும். டவுன்ஷிப் பையனுக்கும் கூலிக்காரர் பையனுக்கும் ஏற்கனவே இருக்குற தூரம் போதாதா?

டெபாசிட் போட்டு அது மேல வாங்குற மாணவர் கார்டு பரவாயில்லையேன்னு கேட்கலாம். ஓரளவு பரவாயில்ல, கடன் டெபாசிட்டைத் தாண்டாது. ஆனா அந்தக் காசு கையில இருக்குறவனுக்கு டெபிட் கார்டே போதும்.

இன்னொரு கேள்வி நியாயமானது. நம்ம கட்சிக்காரங்களே கேட்டாங்க. "18 வயசுல ஓட்டுப் போடலாம், நமக்கு ஓட்டு வேணும்னா அவன் பெரிய மனுஷன், கார்டு வாங்கினா மட்டும் குழந்தையா?" 1988ல அரசியல் சட்டத்தோட 61ஆவது திருத்தம்தான் ஓட்டு வயசை 21ல இருந்து 18ஆக் குறைச்சது. அதை நான் முழுசா ஆதரிக்கிறேன். ஓட்டு தப்பாப் போட்டா அஞ்சு வருஷத்துல மாத்திப் போடலாம், அதுக்கு மாசம் மூணரை வட்டி கிடையாது. அதோட, நான் பையனைத் தடுக்கச் சொல்லவே இல்ல. 18 வயசுல சுரங்கத்துல கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குற தம்பி கார்டு கேட்டா, சம்பளத்தைப் பார்த்துக் கொடுக்கட்டும். வருமானமே இல்லாதவனுக்குக் கொடுக்குற வங்கியைத் தடுக்கச் சொல்றேன். தகுதி பார்க்க வேண்டிய கடமை காசு வெச்சிருக்குறவனுக்குத்தான் இருக்கு.

இதெல்லாம் நடக்குற காரியமான்னு கேட்குறவங்களுக்கு: அமெரிக்காவுல நடந்திருக்கு. கிரெடிட் கார்டைப் பெத்து வளர்த்த நாடு. அங்கயே 2009ல சட்டம் கொண்டு வந்தாங்க. 21 வயசு ஆகாதவருக்குத் திருப்பிக் கட்டுற அளவுக்குச் சொந்த வருமானம் இருக்கணும், இல்லன்னா 21 வயசு ஆன ஒருத்தர் கூடக் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேத்துக்கணும். கல்லூரி வளாகத்துலயும் அதைச் சுத்தி 1,000 அடிக்குள்ளயும் பரிசுப் பொருள் காட்டி மாணவர்கிட்ட விண்ணப்பம் வாங்கக்கூடாது. என் ஹெட்போன் அந்த ஊர்ல சட்டவிரோதம். முதலாளித்துவத்தோட தலைமையகத்துலயே இதுக்கு வேலி போட்டிருக்கான். இங்க வேலி கேட்டா வளர்ச்சிக்கு எதிரின்னு முத்திரை குத்துறாங்க.

வேலி போடாத நாட்டுல என்ன ஆச்சுன்னும் பாருங்க. தென் கொரியா 1997 நெருக்கடிக்கு அப்புறம் செலவைக் கூட்டணும்னு அரசே கார்டுக்கு வரிச்சலுகை கொடுத்துத் தள்ளிவிட்டுச்சு. தெருவுல டேபிள் போட்டு வித்தாங்க. 2003 கடைசியில கடன் கட்ட முடியாதவங்க பட்டியல்ல சுமார் 37 லட்சம் பேர். எல்ஜி கார்டு கம்பெனியே திவால் விளிம்புக்குப் போய், வங்கிகள் கை கொடுத்துத் தூக்க வேண்டியதாச்சு. கொரியா டிராமா பார்க்குற தங்கச்சிங்க இதையும் ஒரு தடவை தேடிப் படிங்க.

நம்ம நாட்டு நிலவரம்? 2024 தொடக்கத்துலயே புழக்கத்துல இருக்குற கிரெடிட் கார்டு 10 கோடியைத் தாண்டியாச்சு. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோட இணைச்சதுல, பண்ருட்டி ரோட்டுக் கடைகள்ல இருக்குற க்யூஆர் அட்டையிலயே கடன்ல பஜ்ஜி சாப்பிடலாம். வட்டிக்கு உச்சவரம்பு? 2008ல தேசிய நுகர்வோர் ஆணையம் 30 சதவீதத்துக்கு மேல வாங்குறது நியாயமற்ற வணிகம்னு சொன்னது. 2024 டிசம்பர் 20ல உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. வட்டி எவ்வளவுன்னு வங்கிகளே முடிவு பண்ணிக்கலாம்ங்கிறதுதான் ரிசர்வ் வங்கி நிலைப்பாடு. வழிப்பறிக்காரன்கிட்டயே எவ்வளவு எடுக்கலாம்னு கேட்குற மாதிரிதான் இது எனக்குத் தெரியுது. மாநிலத்துல 2003லயே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கு, ஆனா அது வங்கி வாசப்படி ஏறாது.

ஒன்றிய அரசு சேமிப்பைப் பத்திப் பேசுறதையே நிறுத்திடுச்சு. நம்ம தலைமுறைக்கு வேலையைக் கேட்டோம். கடன் லிமிட்டைக் கொடுத்தாங்க.

நம்ம கட்சி கேட்குறதுல புதுச் சட்டம்னு பெருசா ஒண்ணும் இல்ல. 21 வயசு ஆகாதவருக்குச் சொந்த வருமானச் சான்று இல்லாமக் கார்டு கூடாதுன்னு ரிசர்வ் வங்கி தன்னோட கார்டு விதிமுறைகள்ல ஒரு வரி சேர்த்தாப் போதும். வருமானக் கட்டத்தை ஏஜென்ட் நிரப்பியிருந்தா அந்தக் கடன் அந்த வங்கியோட நஷ்டம், மொகரி பீபி மாதிரி. கல்லூரி வாசல் டேபிளுக்குத் தடை போட மாநில உயர்கல்வித் துறையோட ஒரு சுற்றறிக்கை போதும், அதுக்கு டெல்லியைக் காட்டிச் சாக்குச் சொல்ல முடியாது. அப்புறம், பன்னெண்டாவது கணக்குப் புத்தகத்துல அந்த 1,000ல 174 கணக்கை ஒரு பக்கம் சேருங்க. நுண்கணிதம் எனக்கு இதுவரைக்கும் கை கொடுக்கல, இது கொடுத்திருக்கும்.

அதுவரைக்கும் ஏற்கனவே மாட்டிக்கிட்ட தம்பி தங்கச்சிங்களுக்கு. கேட்காமலே கார்டு அனுப்பி பில் போட்டிருந்தா, அந்த பில்லை ரத்து பண்ணி அதுல ரெண்டு மடங்கு உங்களுக்கு அபராதமாக் கொடுக்கணும், அதே கார்டு விதிமுறைதான். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லி ஏழு வேலை நாள்ல மூடலன்னா நாளைக்கு 500 ரூபாய் உங்களுக்கு வரணும். வசூல் போன் காலை 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7 மணிக்கு மேலயும் வரக்கூடாது. எனக்கு வந்த ஒன்பது மணி போனை அன்னைக்கு எதிர்த்துக் கேட்க எனக்குத் தெரியல. நீங்க கேளுங்க. எழுத்துல புகார் கொடுத்தும் வங்கி 30 நாள்ல பதில் சொல்லலன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம், விவரம் கேட்க 14448. செயலிக்காரன் மிரட்டினா 1930. எல்லாத்துக்கும் முன்னாடி வீட்டுல சொல்லுங்க. அடி விழுந்தாலும் நாலு வட்டி அளவுக்கு வலிக்காது.

கமெண்ட்ல சிரிச்ச தோழர்களுக்கு ஒரு வேலை. கல்லூரி திறக்குற நேரம் வருது. நெய்வேலி, பண்ருட்டி, விருத்தாசலம், கடலூர், எந்தக் கல்லூரி வாசல்லயாவது குடையும் டேபிளும் கார்டு ஃபார்மும் பார்த்தா ஒரு போட்டோ எடுத்து, தேதி, இடம் போட்டு நம்ம பக்கத்துக்கு இன்பாக்ஸ் பண்ணுங்க. டேபிள்ல உட்கார்ந்திருக்குற அண்ணன் முகம் படத்துல வேண்டாம், ஃபார்ம்ல இருக்குற வங்கிப் பேர் தெரிஞ்சாப் போதும். சேர்த்து வெச்சு மாவட்ட ஆட்சியர்கிட்ட மனுவோட போறோம். மனு எழுதுற வேலையை நான் பார்த்துக்குறேன்.

#வருமானம்_இல்லாமல்_கார்டு_வேண்டாம்
#கொடுத்தவனைக்_கேள்